கள்ளாட்டமும் முகம் மறைத்த காவலும்

கணினி விளையாட்டுகளில் கள்ளாட்டத்தைத் தடுப்பதற்கென எழுதப்படும் மென்பொருள்கள் இன்று இயங்குதளத்தின் கருவறை வரை வந்து அமர்ந்துவிட்டன. கருவறை என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அன்று. கெர்னல் என்று கணினித் துறையினர் குறிக்கும் அந்த இடத்துக்குள் எல்லா நிரல்களும் நுழைந்துவிட முடியாது. நுழைந்துவிட்ட ஒன்றைத் தடுத்துக் கேட்க அங்கே பெரும்பாலும் வேறு யாரும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் கணினியில் உள்ள அனைத்தும் தெரியும். தட்டச்சு செய்துகொண்டிருக்கும் கடிதம், வங்கிக் கணக்கின் கடவுச்சொல், பாதியில் நிற்கும் ஆய்வேடு, எல்லாம். ஒரு விளையாட்டு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக அத்தனை உயரமான இடத்தை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா?

தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. மேலுக்குப் பாதுகாப்பைப் பற்றியதாகத் தோன்றும் இந்த விவாதம், அடியில் வாசிப்பைப் பற்றியது. நிரலும் எழுதப்பட்ட ஒரு பிரதிதான். காவல் மென்பொருளைத் தரும் நிறுவனம் நம்மிடம் சொல்வது இதுதான்: உன் கணினியில் உள்ள எதையும் நான் வாசிப்பேன், என் பிரதியை நீ வாசிக்கக் கூடாது. முதல் பாதியையாவது ஏதோ ஒரு நியாயத்தின் பேரில் ஒப்புக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொள்ள முடியாது என்பதே நம் கட்சி.

கெர்னலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இன்டெல் வகைச் செயலிகளில் அதிகாரம் சுழியம் முதல் மூன்று வரை எண்ணிட்ட நான்கு வளையங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸும் லினக்ஸும் பயன்படுத்துபவை இவற்றில் இரண்டே: சுழியமும் மூன்றும். நாம் அன்றாடம் திறக்கும் உலாவி, சொற்செயலி, பாட்டுக் கேட்கும் நிரல் யாவும் மூன்றாம் வளையவாசிகள். ஒவ்வொன்றுக்கும் தனி அறை. ஒன்று மற்றொன்றின் அறைக்குள் எட்டிப்பார்க்க வேண்டுமானால் இயங்குதளத்திடம் கேட்டாக வேண்டும். சுழிய வளையத்தில் இருப்பவை இயங்குதளத்தின் உட்கருவும், வட்டு, வரைகலை அட்டை போன்ற வன்பொருள்களை இயக்கும் டிரைவர் நிரல்களும். இவற்றுக்கு அறைச்சுவர் கிடையாது. அங்கே ஒரு நிரல் தடுமாறினால் அது மட்டும் விழுவதில்லை, கணினியே விழும். நீலத்திரை என்று நாம் எல்லோரும் ஒருமுறையேனும் சபித்திருக்கும் காட்சி அதுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றை அதன் கெர்னல் டிரைவர் வாசிக்கப் போய்த் தடுமாறியதில், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்ததை வாசகர்கள் படத்திலாவது பார்த்திருப்பார்கள். அது விளையாட்டு மென்பொருள் அன்று. கள்ளாட்டத்தோடு அதற்குத் தொடர்பும் இல்லை. ஆனால் சுழிய வளையத்தில் ஒரு சிறு பிழையின் விலை என்ன என்பதை அதைப்போல் வேறெதுவும் பாமரர்க்கு விளக்கியதில்லை.

இனி, தெருவில் ஆடும் பிள்ளைகள் போங்காட்டம் என்று சொல்லும் அந்தச் சங்கதிக்கு வருவோம். துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் எதிராளி சுவருக்குப் பின்னால் நிற்கிறார். உங்கள் திரையில் அவர் தெரிவதில்லை; ஆயின் அவர் எங்கே நிற்கிறார் என்ற தகவல் பெரும்பாலான விளையாட்டுகளில் உங்கள் கணினியின் நினைவகத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். அவர் சுவரைத் தாண்டி வெளிப்படும் கணத்தில் வரைந்து காட்ட அது தேவை. அந்த நினைவகத்தை வாசித்து, சுவர் ஊடே அவரைக் காட்டும் நிரலுக்கு வால்ஹேக் என்று பெயர். குறியைத் தானே எதிராளியின் தலைக்கு நகர்த்தும் நிரல் எய்ம்பாட். இவற்றை மாதச் சந்தாவுக்கு விற்பதே ஒரு வணிகம்.

பொழுதுபோக்கில் சிறு தில்லுமுல்லு, அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களோடு நாம் உடன்படுவதில்லை. ஆட்டத்தின் விதியைக் காப்பாற்றுவது அற்பமான காரியம் அன்று. பரிசுப்பணமும் பிழைப்பும் அதில் இருக்கின்றன. 2018 அக்டோபரில் ஷாங்காய் நகரில் நடந்த கவுன்ட்டர்-ஸ்டிரைக் போட்டியொன்றில் இந்திய அணி வீரர் ஒருவர் ஆட்ட மேசையிலேயே பிடிபட்டார். நடுவர் அவர் கணினியைச் சோதிக்க வந்தபோது அவர் அவசர அவசரமாக அழிக்க முயன்ற கோப்பின் பெயர் 'வேர்ட்'. சொற்செயலி என்று நினைத்துக் கடந்துபோவார்கள் என எண்ணியிருக்க வேண்டும். சொல்லைக் கொண்டு பொய்யை மறைப்பது புதிதல்ல என்றாலும் இது கொஞ்சம் வெட்கக்கேடான வகை. அவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஒரு குற்றமும் செய்யாத நான்கு தோழர்களோடு அந்த அணியே கலைக்கப்பட்டது.

ஆகவே திருடன் இருக்கிறான் என்பதில் ஐயமில்லை. இந்தத் திருடன் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வழக்கமான கணினிப் பாதுகாப்பில் வீட்டுக்காரர் உள்ளே, திருடன் வெளியே. இங்கே கணினிக்குச் சொந்தக்காரரே சந்தேகத்துக்குரியவர். காவலர் அவருடைய வீட்டுக்குள் வந்து, அவருடைய மின்சாரத்தில், அவரையே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. காவலைவிட உயர்ந்த அதிகாரம் வீட்டுக்காரரிடம் இருக்கும்வரை அந்தக் காவலை அவர் ஏமாற்றிவிடலாம். அதனால் காவல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது.

அந்த ஏற்றத்தின் கதை சுவையானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பங்க்பஸ்டர், 2002இல் வால்வ் நிறுவனம் கொண்டுவந்த வாக் ஆகியவை மூன்றாம் வளையத்திலேயே இருந்து வேலை பார்த்தன. கள்ள நிரல்கள் சுழிய வளையத்துக்கு ஏறின. எப்படி? 64 பிட் விண்டோஸ், விஸ்டா காலம் தொட்டே கையொப்பமில்லாத டிரைவர்களை ஏற்பதில்லை. ஆனால் புகழ்பெற்ற நிறுவனங்கள் முறையாகக் கையொப்பமிட்டு வெளியிட்ட டிரைவர்களில் ஓட்டையுள்ளவை ஏராளம். அப்படி ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றி, அதன் ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிடலாம். கள்ளன் மாடியேறியபின் காவலும் மாடியேறியது. அங்கே யார் முதலில் வந்தார் என்பதே வழக்காயிற்று. பிந்தி வந்தவரின் கண்ணை முந்தி வந்தவர் கட்டிவிடலாம் அல்லவா? 2020இல் வெளிவந்த வேலொரன்ட் விளையாட்டுக்காக ரயட் நிறுவனம் எழுதிய வான்கார்ட், ஆட்டம் தொடங்கும்போது அன்று, கணினி எழும்போதே எழுந்துகொண்டது. அதே ஆண்டில் அது கணினியிலிருந்த வேறு சில நிரல்களின் டிரைவர்களை, ஓட்டையுள்ளவை என்ற காரணம் காட்டி, இயங்கவிடாமல் நிறுத்தியது. வெப்பத்தை அளக்கும் நிரலை எப்போது ஓட்டலாம் என்பதை ஒரு துப்பாக்கி விளையாட்டு தீர்மானிக்கும் நிலை.

கள்ளர் சும்மா இருக்கவில்லை. கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகி, செயலியைக் கேட்காமலேயே நினைவகத்தை நேரடியாக வாசித்து, பக்கத்திலுள்ள இரண்டாவது கணினிக்கு அனுப்பும் முறை வந்தது. முதல் கணினியில் பிடிக்கத்தக்க கள்ள நிரல் எதுவுமே இல்லை. இதற்கு மறுமொழியாக நிறுவனங்கள் இயங்குதளத்துக்கும் கீழே இறங்கின. 2025இல் வெளியான பேட்டில்ஃபீல்டு 6, செக்யூர் பூட் என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால்தான் ஓடும் என்றது. அந்த ஆகஸ்டில் நடந்த அதன் வெள்ளோட்டத்திலேயே, தொடங்கிய சில நாட்களுக்குள், சுவருக்குள் பார்க்கிறவர்களின் காணொளிகள் உலவின. காவல் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. கள்ளாட்டத்தின் விலையை அது உயர்த்துகிறது, எண்ணிக்கையைக் குறைக்கிறது. இந்த மாடிப்படிக்கு முடிவில்லை என்பதுதான் நாம் சொல்ல வருவது.

நம் துறைக்காரர்களுக்கு இது அந்நியமான பிரச்சினையன்று. பிரதிக்குள் வேற்றாள் கைவைப்பதை நாம் இடைச்செருகல் என்போம். கள்ள நிரல் செய்வதும் அச்சொட்டாக அதுவே: ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் பிரதிக்குள் தன் வரிகளைச் செருகுகிறது. இடைச்செருகலைக் கண்டறிய உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டார்கள். காவல் மென்பொருளும் நினைவகத்தில் உள்ள பிரதியை மூலத்தோடு ஒப்பிடுகிறது. ஆனால் நம் மரபில் இன்னொரு வழியும் இருந்தது. அந்தாதி. ஒரு செய்யுளின் முடிவு அடுத்த செய்யுளின் தொடக்கம். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அப்படித் தொடுக்கப்பட்டவை. நடுவில் ஒன்றை நுழைத்தாலும் உருவினாலும் தொடை அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். காவல் பிரதியின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ஓதுகிறவர் வீட்டுக்குள் ஆள் அனுப்பி அவர் பெட்டியைக் குடைய வேண்டியதில்லை. அந்தாதி பாடிய கவிகள் இதை நினைத்துத்தான் பாடினார்கள் என்று நாம் சொல்லவில்லை. கட்டுமானத்தால் காப்பது, கண்காணித்துக் காப்பது என்ற இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. இதற்குத் திரும்ப வருவோம்.

கண்காணிக்கும் வழியின் வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை. 2005ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டோடு வந்த வார்டன் என்ற காவல் நிரலை கிரெக் ஹோக்லண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் பிரித்துப் பார்த்தார். ஆட்டக்காரர் வேறு என்னென்ன சாளரங்களைத் திறந்துவைத்திருக்கிறார் என்று அவற்றின் தலைப்புகளையெல்லாம் அது வாசித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் மார்க் ருசினோவிச் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டைக் கணினியில் போட்டால், பிரதியெடுப்பைத் தடுக்கும் நிரல் ஒன்று தன்னையறியாமல் உள்ளே தங்கிவிடுகிறது; தன்னை மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடு பெயரிடப்பட்ட எந்தக் கோப்பையும் அது இயங்குதளத்தின் கண்ணிலிருந்து மறைக்கிறது. செய்தி பரவிய சில நாட்களில் வார்கிராஃப்ட் கள்ளாட்டக்காரர்கள் தங்கள் கள்ள நிரல்களுக்கு அந்த முன்னொட்டைச் சூட்டினார்கள். வார்டனின் கண்ணுக்கு அவை தெரியாமல் போயின. ஒரு காவலன் போர்த்தியிருந்த கம்பளத்துக்குள் திருடன் புகுந்து இன்னொரு காவலனை ஏமாற்றினான்! இதைப் புனைகதையாக எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இரண்டையும் வெளிக்கொணர்ந்தவர்கள் அதிகாரிகள் அல்லர். பிரதியைப் பிரித்து வாசித்தவர்கள். ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்று சொல்லப்படும் பிரித்தறிதலை, தங்கள் உரிம ஒப்பந்தத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் தடை செய்கின்றன. நாம் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று சொடுக்கும் அந்த நீண்ட பத்திரம்தான். பிரித்தறிதல் நமக்குப் புரியாத தொழில் அன்று. உரையாசிரியர்கள் செய்தது வேறென்ன? பத்துப்பாட்டின் அடிகளைக் கழற்றி, வேண்டிய இடத்தில் மாட்டி, பொருள் எப்படிப் பிறக்கிறது என்று காட்டிய நச்சினார்க்கினியர், உரிம ஒப்பந்தம் ஒன்றை ஏற்றபிறகே பாட்டை வாசிக்க வேண்டும் என்றிருந்தால் குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பார். (அவர் மாட்டிய விதத்துக்காகவே சிலர் அவரை அங்கே நிறுத்தத் தயாராக இருப்பது வேறு கதை.)

சட்டம் இதில் முழுவதும் நிறுவனங்களின் பக்கம் இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 1999ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த விதிவிலக்குகள், ஒரு நிரலை முறையாகப் பெற்றவர் அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காக அதன் இயக்கத்தைக் கவனிக்கவும் ஆராயவும் சோதிக்கவும் இடம் தருகின்றன. 2012இல் வந்த 65ஏ பிரிவு, பாதுகாப்புத் தொழில்நுட்பத்தை உரிமை மீறும் நோக்கத்தோடு முறியடிப்பதைக் குற்றமாக்கியது. இரண்டாண்டு வரை சிறை. ஆனால் கணினியின் உரிமையாளரது அனுமதியோடு அதன் பாதுகாப்பைச் சோதிப்பதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. வீட்டில் இருக்கும் கணினிக்கு உரிமையாளர் யார்? கேள்வி எளிதாகத்தான் தோன்றுகிறது. ஐரோப்பாவில் 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சோனிக்கும் டேட்டெல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஆட்டம் ஓடும்போது நினைவகத்தில் அது வைத்திருக்கும் மதிப்புகளை மட்டும் மாற்றும் நிரல், மூல நிரலைப் பிரதியெடுக்க வழிசெய்யாதவரை, பதிப்புரிமையை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. கள்ளாட்டம் நல்லது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எழுத்துப் பிரதி வேறு, வாசிக்கும்போது வாசகனிடத்தில் நிகழ்வது வேறு என்ற பிரிப்பையே அது செய்தது. இலக்கியக் கோட்பாடு படித்தவர்களுக்கு இந்த இடம் இனிக்கும்.

காவலர்களின் பட்டியலில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இஎஸ்இஏ என்ற அமெரிக்கப் போட்டி அமைப்பின் காவல் நிரல், 2013இல் ஆட்டக்காரர்களின் கணினிகளைக் கொண்டு அவர்கள் அறியாமலேயே பிட்காயின் எடுத்தது. நியூஜெர்சி மாநில அரசின் கணக்கில் பாதிக்கப்பட்டவை சுமார் 14 ஆயிரம் கணினிகள். பத்து லட்சம் டாலர் என்று சமரசம் எழுதினார்கள். அதில் பெரும்பகுதி நன்னடத்தையின் பேரில் நிறுத்திவைக்கப்பட்டது. எடுத்த காசின் மதிப்பு சில ஆயிரம் டாலர்தான். தொகை நமக்குப் பொருட்டல்ல. அவ்வளவு உயரத்தில் உட்கார வைத்த நிரலுக்குள் ஊழியர் ஒருவர் ஆசைப்பட்டால் எதையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்பதே பொருட்டு.

2016 செப்டம்பரில் கேப்காம் நிறுவனம் செய்தது ஆசையால் நேர்ந்ததன்று, அசட்டையால் நேர்ந்தது. ஸ்டிரீட் ஃபைட்டர் 5 ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசை யாரும் திருத்தி எழுதிவிடக் கூடாது என்பதற்காக ஒரு கெர்னல் டிரைவரை அனுப்பினார்கள். அந்த டிரைவரைக் கேட்டுக்கொண்டால் கணினியிலுள்ள எந்த நிரலின் வரிகளையும் அது சுழிய வளையத்தில் ஓட்டிக் கொடுத்தது. அதற்காகச் செயலியின் பாதுகாப்பு ஒன்றையும் தற்காலிகமாக அணைத்தது. ஓரிரு நாளில் திரும்பப் பெற்றார்கள். ஆனால் முறையான கையொப்பத்தோடு வெளியே போன கோப்பு போனதுதான். ஊடுருவல் பயில்வோருக்கு அது பாடநூல் உதாரணமாகிவிட்டது. விளையாட்டுக் காசைக் காக்க வீட்டுக் கதவையே கழற்றி வைத்த கதை.

கென்ஷின் இம்பேக்ட் விளையாட்டின் காவல் டிரைவருக்கு நேர்ந்தது இதனினும் விசித்திரம். 2022 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று அந்த டிரைவரைத் தன்னோடு எடுத்துச் சென்று, தாக்கப்பட்ட கணினிகளின் வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொல்லப் பயன்படுத்தியது. அந்தக் கணினிகளில் விளையாட்டு நிறுவப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதாவது, அந்த ஆட்டத்தின் பெயரைக் கூடக் கேள்விப்படாதவரும் அந்தக் காவலனால் பாதிக்கப்படலாம். இந்த இடத்தில், 'விருப்பமில்லாதவர் விளையாட வேண்டாம்' என்ற வழக்கமான பதில் செல்லாக்காசாகிறது. நம் வீடுகளின் நிலையும் இதுவே. ஒரே கணினி, மகன் விளையாடுகிறான், தந்தை அதிலேயே வருமான வரிக் கணக்கு அனுப்புகிறார், அக்காள் அதிலேயே முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டுகிறாள். 'ஏற்கிறேன்' என்று சொடுக்கியது பதினைந்து வயது விரல்.

நமக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று வலிமையானது. அதை மழுப்பிவிட்டுப் போவது முறையாகாது. காவலின் உள்ளமைப்பை எல்லோரும் அறிந்தால் கள்ளரும் அறிவர். ஆகவே மறைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். 1883இல் ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் வகுத்த விதியைச் சிலர் இதற்கு மறுப்பாகக் காட்டுவர்: மறைகுறி அமைப்பு பகைவன் கையில் சிக்கினாலும் கெடாததாக இருக்க வேண்டும், திறவுகோல் மட்டுமே இரகசியம். ஆனால் அந்த விதி இங்கே அப்படியே பொருந்தாது. காவல் நிரல் முழுவதுமாகச் சந்தேகத்துக்குரியவரின் கணினியிலேயே ஓடுகிறது. மறைத்து வைக்கத் தனியான திறவுகோல் ஏது? அதன் பலத்தில் பெரும்பகுதி தன்னைக் குழப்பமாக எழுதிக்கொள்வதிலும் அடிக்கடி மாற்றிக்கொள்வதிலும் இருக்கிறது. வால்வ் நிறுவனர் கேப் நியூவெல் 2014இல் பொதுவெளியில் எழுதிய விளக்கத்தில் ஒரு வேடிக்கையைச் சொன்னார். கள்ள நிரல் விற்போர், தம் வாடிக்கையாளர் உண்மையில் பணம் கட்டியவர்தானா என்று பார்க்கத் தம் சரக்குக்குள்ளேயே காவல் வைத்திருக்கிறார்களாம். திருடனும் தன் பிரதியைப் பிரித்துப் பார்க்க விடுவதில்லை.

ஆதலால் எல்லாவற்றையும் சந்தியில் விரித்து வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. எதைக் கண்டால் கள்ளன் என்று முடிவு செய்கிறாய் என்ற தந்திரம் உன்னோடு இருக்கட்டும். ஆனால் அந்தத் தந்திரம் முழுவதும் சுழிய வளையத்தில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? அங்கே நுழையும் டிரைவர் சிறியதாக, செய்யும் வேலை இன்னதென்று எழுதிவைக்கப்பட்டதாக, நிறுவனத்தைச் சாராத ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்துச் சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். பிரித்துப் பார்த்தவரை ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டக் கூடாது. வான்கார்டில் பெரிய ஓட்டை காட்டுவோருக்கு ஒரு லட்சம் டாலர் வரை பரிசு என்று 2020இல் ரயட் அறிவித்தது பாராட்டத்தக்கது. எனினும் பரிசு என்பது நிறுவனம் தரும் சலுகை. சலுகை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படும். நாம் கேட்பது வாசிக்கும் உரிமையை. கருவறைக்குள் வர விரும்புகிறவர், வெளியே இருப்பவருக்குரிய மறைவை அங்கேயும் எதிர்பார்ப்பது பொருந்தாது.

அந்தாதிக்குத் திரும்புவோம். ரயட் நிறுவனமே வேலொரன்ட்டில் இன்னொன்றையும் செய்திருக்கிறது. எதிராளி உங்கள் கண்ணுக்குத் தெரியப்போகும் கணம் வரை அவர் இருப்பிடத்தை அதன் வழங்கி உங்கள் கணினிக்கு அனுப்புவதே இல்லை. அனுப்பாததை எந்தக் கள்ள நிரலும் வாசிக்க முடியாது. சுவருக்குள் பார்க்கும் வித்தையின் பெரும்பகுதி இதனால் வெறும் சுவரைத்தான் பார்க்கிறது. இதைச் செய்ய எவர் வீட்டுக்கும் ஆள் அனுப்பவில்லை. வழங்கியில் கணக்கிடும் செலவை நிறுவனம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது, அவ்வளவே. குறியைத் தானே நகர்த்தும் எய்ம்பாட்டை இது தடுக்காது என்பது உண்மை. அதற்கு, ஆட்டக்காரரின் கை அசைவுகளை வழங்கியில் வைத்து ஆராயும் முறைகள் உண்டு. வால்வ் தன் விளையாட்டில் இயந்திரக் கற்றலை இதற்குப் பயன்படுத்துவதை 2018இல் விளக்கியிருக்கிறது. பிழையும் தாமதமும் உள்ள வழிதான். வால்வின் விளையாட்டில் கள்ளர் அதிகம் என்று ஆட்டக்காரர்கள் குறைபடுவதும் நமக்குத் தெரியும். இருந்தும் நாம் அந்தக் குறையுள்ள வழியின் பக்கம் நிற்கிறோம். வழங்கியில் நேரும் பிழை ஓர் ஆட்டத்தைக் கெடுக்கும். கெர்னலில் நேரும் பிழை ஆட்டத்தோடு நிற்பதில்லை.

கிரவுட்ஸ்டிரைக் விபத்துக்குப் பிறகு, பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியிலிருந்தே இயங்கச் செய்யும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் தொடங்கியிருக்கிறது. விளையாட்டு நிறுவனங்களோடும் இது குறித்துப் பேசிவருவதாக 2025இல் சொன்னது. ஆப்பிள் நிறுவனம் 2019 முதலே தன் மேக் கணினிகளில் இத்தகைய கெர்னல் நீட்சிகளை ஓரங்கட்டத் தொடங்கிவிட்டது. காற்று திரும்புகிறது போலும். ஆனால் செக்யூர் பூட் கேட்கும் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டும் இருக்கிறது. 2024 மே மாதம் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டுக்கும் வான்கார்ட் கட்டாயமானபோது, அதுவரை லினக்ஸில் ஆடிவந்தவர்கள் எந்தக் கள்ளாட்டமும் செய்யாமலேயே வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

விண்டோஸ் கணினி வைத்திருக்கும் வாசகர்கள் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'டிரைவர்கொயரி' என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், கணினியில் நிறுவப்பட்டிருக்கும் டிரைவர்களின் பட்டியல் வரும். பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டுக்கும் வன்பொருள் நிறுவனங்களுக்கும் உரியவை. விளையாட்டை நீக்கினால் காவலும் தானாக நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். வான்கார்டைப் போலச் சிலவற்றைத் தனியே நீக்க வேண்டும். எப்போதோ நீக்கிவிட்ட ஆட்டம் ஒன்றின் காவலன் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறானா என்பதை வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எந்தப் பெயர் எந்த ஆட்டத்துக்கு உரியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.